உவர்ந்த கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும்

செட்டிபாளையம் எழுவான்கரையில், கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் அமைந்த ஊராகும். இங்கும் அயலிலுள்ள தேற்றாத்தீவு, களுதாவளை ஆகிய ஊர்களிலும் மிளகாய், வெங்காயம், கத்தரி, பயற்றை முதலிய பயிர்கள் ஆழமற்ற கிணறுகளை நம்பியே செய்கைபண்ணப்படுகின்றன. இக்கிணறுகளில் ஊறும் நீர் தொலைவிலிருந்து வருவதன்று. மாரி மழையே மணலூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது.

கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரங்கூடியது. ஆதலால் நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. மேல்மட்டம் தாழ்ந்த நிலையிலேயே நீடிக்குமாயின், அக்கணக்கின்படி ஒவ்வோர் அடிக்கும் அடியிலுள்ள உவர் பன்மடங்கு மேலேறும். கிணற்றை மிஞ்சி இறைப்பதன் தீங்கு இதுவேயாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, கடல்நீர், சேறு, குப்பை யாவும் கிணறுகளுட் புகுந்தன. பின்னர் பல அமைப்புகள் இயந்திரங்களைக் கொணர்ந்து கிணறுகளை இறைத்தன. நோக்கம் நல்லதே. சேற்றையும் குப்பையையும் அகற்றிக் குளோரின் இடுவதற்கு ஒருமுறை இறைத்தல் அவசியமுமாகும். ஆயினும் நீர் இனிக்கும்வரை இறைப்போம் என்று மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கல்லடி, களுதாவளை, ஒலுவில் ஆகிய மூன்று இடங்களில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் கிணறுகளின் உவரை அளந்து ஆராய்ந்தது. மணலில் ஊறியிருந்த உப்பைக் கழுவிச் சென்றது பெரும்பாலும் மழையேயன்றி இயந்திரமன்று.

இதன் காரணத்தை எளிய கணக்கொன்றால் அறியலாம். ஒரு மீற்றர் விட்டமுள்ள வளையக் கிணற்றில் இரண்டு மீற்றர் நீர் நின்றால், அது ஏறக்குறைய 1,570 லீற்றராகும். இரண்டு அங்குலப் பெற்றோல் இயந்திரம் நிமிடத்திற்கு 500 லீற்றர் அளவில் இறைக்கக் கூடியது. மூன்று நிமிடங்களிற் கிணறு வற்றிவிடும்! அதன்பின் இயந்திரம் இழுப்பது சுற்றியுள்ள மணலின் நீரையும் அடியிலிருந்து எழும் உவரையுமேயாகும். இறைத்த நீரைக் கிணற்றருகே கொட்டினாலோ, அது மணலூடு இறங்கி மீண்டும் அதே கிணற்றை அடையும். இதைக் கண்டும் காணாதாரே பலர்.

ஆகவே உவர்ந்த கிணற்றைத் துப்புரவு செய்வோர் சிறிய இயந்திரத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். உறிஞ்சு குழாயின் அடிவால்வைக் கிணற்றின் அடியில் வையாது, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே தொங்கவிடுதல் நன்று. சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடியும் இறைக்கலாம். வெளியேறும் நீரை நீண்ட குழாயினால் கிணறுகளுக்கு அப்பால் கொண்டுபோய் விடுதல் வேண்டும். உவர் குறையாவிடின் இயந்திரத்தை நிறுத்தி வாடைக்காற்று மழைக்குக் காத்திருத்தலே தக்கது.

எல்லா மாசுக்கும் மருந்து ஒன்றன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், கிணறுகளைச் சுத்திகரிப்பதற்கென 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எண்ணெய் மிதப்பதால் அதன் படலத்தை வழித்தெடுக்கவும், எஞ்சியதைக் கிளர்வூட்டிய கரியில் வடிக்கவும் கருவிகள் உண்டு. உப்போ நீரிற் கரைந்துவிடும். துணியிலும் கரியிலும் அது சிக்காது. அதைப் பிரிக்கும் மென்சவ்வு இயந்திரம் குடிநீருக்கு உதவும், தோட்டத்திற்குக் கட்டுபடியாகாது. இரண்டொரு துளி எண்ணெயும் கிணற்றை நாற்றமுறச் செய்யுமாதலால், நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்து எண்ணெய் ஊற்றுதல் கூடாது.

படுவான்கரையில் வாவியோர வயல்களின் நிலைமை வேறு. அங்கு மண்ணில் உவர் ஏறினால், வரம்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, சிலநாட் கழித்து வக்கடையைத் திறந்து வடிகாலில் விடுதல் வேண்டும். இதைப் பலமுறை செய்தல் நலம். வடிகால் தூர்ந்திருப்பின் எவ்வளவு நீர் தேக்கினும் உப்பு வயலிலேயே தங்கிவிடும். மண்வெட்டியே இங்கு முதற் கருவி. களிமண் இறுகி நீர் இறங்காவிடின் ஜிப்சம் இடுதல் உதவும். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 நெல்லினத்தையும் அத்தகைய வயல்களில் விதைக்கலாம்.

உவரை நாவினால் அறிய முயல்வது போதாது. கரிப்புத் தெரியுமுன்னரே போஞ்சியும் வெங்காயமும் வாடத் தொடங்கும். கையடக்கமான மின்கடத்துதிறன் மானியொன்று சில விநாடிகளில் அளவைக் காட்டும். பாசன நீரில் மீற்றருக்கு 0.7 டெசிசீமன்சுக்குக் குறைந்தால் எப்பயிருக்கும் தீங்கில்லை. 3 ஐக் கடந்தால் பெரும்பாலான மரக்கறிகளுக்கு அந்நீர் ஆகாது. மானி இல்லாதோர், இறைக்குமுன் மேல்நீரில் ஒரு போத்தலும் அடிநீரில் ஒரு போத்தலும் எடுத்து, அடையாளமிட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கையளித்துப் பரிசோதிப்பித்துக் கொள்ளலாம். அடிநீர் மேல்நீரைவிட மிகவும் உவர்த்திருப்பின், அப்பருவத்தில் அக்கிணற்றில் இயந்திரம் பூட்டாது வாளியினால் அள்ளி ஊற்றுதல் வேண்டும்.