ஏலம் கேட்டவர் பணம் தராவிட்டால்

சனிக்கிழமை மாலை பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. அல்சூரில் வசிக்கும் ஒரு குடும்பம், ஒன்று 6,000 ரூபாய் வீதம் இரண்டு டிக்கெட்டுகளை மூன்று மாதங்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தது என்று கொள்வோம். அதே நாளில் வேலூரில் நெருங்கிய உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம் வந்துவிடுகிறது. டிக்கெட்டுகளை வீணாக்க மனமில்லை. இரண்டையும் சேர்த்து 8,000 ரூபாயில் தொடங்கி இணையவழி ஏலத்தில் விடுகிறார்கள். புதன்கிழமை இரவு ஏலம் முடிகிறது. ஒருவர் 10,600 கேட்டிருக்கிறார்; அவருக்கு அடுத்தவர் 9,800. வியாழன் முழுவதும் முதலாமவர் "இதோ அனுப்புகிறேன்" என்கிறார். வெள்ளி காலை அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வெள்ளி மாலை இரண்டாமவரை அழைத்தால், அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்த டிக்கெட்டுகள் வெறும் காகிதம்.

பழைய கைப்பேசியையோ மரக்கட்டிலையோ ஏலம் விட்டவருக்கு இந்த நெருக்கடி இல்லை. வாங்குவதாகச் சொன்னவர் ஏமாற்றினால் அடுத்த வாரம் மீண்டும் விற்கலாம். பொருள் வீட்டிலேயே இருக்கும். டிக்கெட் அப்படியன்று. அது பூக்காரியின் கூடையிலுள்ள மல்லிகையைப் போன்றது. பணம் தராதவர் நம்மிடமிருந்து பறிப்பது விலையை அல்ல, நேரத்தை. ஆகவே டிக்கெட் விற்பவர் காக்க வேண்டியதும் நேரத்தைத்தான்.

பொதுவான ஏலத் தளங்களின் விதிகள் இந்த அவசரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. உலகின் பெரிய ஏலத் தளமான ஈபேயில், ஏலம் முடிந்து நான்கு நாட்கள் கழிந்த பிறகே பணம் தராததைக் காரணம் காட்டி விற்பவர் விற்பனையை ரத்து செய்ய முடியும். நம் அல்சூர் குடும்பத்திற்கு அந்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும். வாங்குபவரைப் பற்றி எதிர்மறையான மதிப்புரை எழுதும் உரிமையையும் அத்தளம் 2008-இல் விற்பவர்களிடமிருந்து நீக்கிவிட்டது.

இந்தியாவில் ஈபே தனியே கடை விரித்திருந்த காலமும் உண்டு. 2004-இல் பாஸீ என்னும் இந்திய ஏலத் தளத்தை வாங்கி அது இங்கே நுழைந்தது. முன்பின் அறியாதவருக்குப் பணம் அனுப்ப நம்மவர்கள் தயங்கியதை அறிந்து, 'பைசாபே' என்ற ஏற்பாட்டைச் செய்தது. வாங்குபவரின் பணம் நடுவில் ஓரிடத்தில் தங்கும். பொருள் சென்று சேர்ந்த பின் விற்பவருக்குப் போகும். 2017-இல் ஈபேயின் இந்தியத் தொழில் பெங்களூரைச் சேர்ந்த ஃபிளிப்கார்ட்டின் கைக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் அத்தளம் மூடப்பட்டது. இன்று இந்நகரில் ஏலம் போன்ற விற்பனை பெரும்பாலும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் "அதிகம் கேட்பவருக்கே" என்ற ஒற்றை வரியோடு நடக்கிறது. நடுவில் பணத்தைத் தாங்கிப் பிடிப்பவர் அங்கே எவருமில்லை.

வங்கிகள் ஏலத்தில் பழுத்தவை என்பதால், எங்களுக்குத் தெரிந்த ஒரு நடைமுறையை இங்கே சொல்லலாம். கடன் நிலுவைக்காகச் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் ஒரு வீட்டை ஏலம் விடும்போது, முன்வைப்புத் தொகை கட்டாதவரை நாங்கள் விலை கேட்கவே அனுமதிப்பதில்லை. விலை முடிவானால், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து நான்கில் ஒரு பங்கை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். மீதிக்கு, விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து பதினைந்து நாட்கள். தவறினால் கட்டிய தொகை போய்விடும். இது வெற்று மிரட்டல் அன்று. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஓர் ஏலத்தில் 12.27 கோடி ரூபாய்க்குக் கேட்டவர், நான்கில் ஒரு பங்கைச் செலுத்திவிட்டு மீதியைச் செலுத்தவில்லை. வங்கி 55 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அந்த முழுத் தொகையையும் வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்றது.

இரண்டு டிக்கெட் விற்பவர் இதைச் சிறு அளவில் செய்யலாம். அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும்: ஏலம் புதன் இரவு 9 மணிக்கு முடியும், வென்றவர் 11 மணிக்குள் முழுப் பணமும் செலுத்த வேண்டும், தவறினால் அறிவிப்பின்றி அடுத்தவருக்குப் போகும். "நாளை காலை" என்பதற்கு இடமே கூடாது. ஏலத்தையும் நிகழ்ச்சிக்கு மூன்று, நான்கு நாட்கள் முன்னதாக முடிப்பது நல்லது. இரண்டாமவரிடம் அன்றிரவே, "முதலாமவர் தவறினால் உங்கள் விலைக்கே தருகிறோம், 11 மணி வரை காத்திருப்பீர்களா?" என்று கேட்டு வைக்க வேண்டும். 10,600-ஐத் துரத்தி 9,800-ஐ இழந்தவர்களே அதிகம்.

இதில் ஒரு சூதும் உண்டு. ஒருவர் 5,000 கேட்பார். உடனே அவருடைய கூட்டாளி 20,000 கேட்பார். மற்றவர்கள் மலைத்து விலகிவிடுவார்கள். கடைசி நேரத்தில் கூட்டாளி மறைந்துவிட, 5,000-க்குக் கேட்டவரே 'இரண்டாமவர்' ஆகிவிடுவார்! ஆகவே முதல் விலைக்கும் இரண்டாம் விலைக்கும் இடையே பொருத்தமில்லாத பள்ளம் தெரிந்தால், இரண்டாமவருக்குக் கொடுக்கும் முன் சற்றே யோசியுங்கள். அதற்காகத்தான் தொடக்க விலையை, 'இதற்குக் கீழே போனால் பரவாயில்லை, நம் பக்கத்து வீட்டு மாணவனுக்கே கொடுத்துவிடலாம்' என்னும் எல்லையில் வைக்கச் சொல்கிறோம்.

பணம் தராதவரைவிட, பணம் தந்ததுபோல் நடிப்பவரால் வரும் இழப்பு பெரிது. யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. "பணம் வர வேண்டுமானால் இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள்" என்று வாங்குபவர் சொன்னால், அவர் வாங்க வந்தவரல்லர். தனிநபர்களுக்கிடையே பணம் கோரும் 'கலெக்ட்' வசதியை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்த நாடகம் வேறு வேடங்களில் தொடர்கிறது. "தவறுதலாக 5,000 கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்பது மற்றொன்று. அவர் அனுப்பிய திரைப்பிடிப்பையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் கணக்கின் இருப்பைப் பாருங்கள். அதுவரை டிக்கெட்டின் பார்கோடு எந்தப் படத்திலும் தெரியக் கூடாது. அந்தப் படம் சென்றுவிட்டால் டிக்கெட்டே சென்றுவிட்டதற்குச் சமம்.

வாடிக்கையாளர்கள் பலர் எண்ணிப் பார்க்காத இடர் இன்னொன்று. ஏலம் கேட்டவர் ஒருவர், பணம் வருவது வேறொருவர் பெயரிலிருந்து. அந்தப் பணம் மூன்றாம் மனிதர் எவரிடமோ மோசடியாகப் பறித்ததாக இருந்து, அவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், பணம் போன தடத்தைத் தொடர்ந்து உங்கள் கணக்கிலும் தொகை நிறுத்தி வைக்கப்படலாம். நீங்கள் செய்த குற்றம் ஏதுமில்லை. எனினும் விளக்கம் தந்து விடுவிக்க நாட்கள் பிடிக்கும். ஏலம் கேட்டவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். உரையாடல், டிக்கெட் வாங்கிய ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

இவை எல்லாம், விற்கத்தக்க டிக்கெட்டுக்குத்தான். ரயில் டிக்கெட்டைப் பிறருக்கு விற்பதை ரயில்வே சட்டம் தடுக்கிறது. கிரிக்கெட் போட்டி, இசை நிகழ்ச்சி டிக்கெட்டுகள் பலவற்றின் விதிமுறைகளில் மறுவிற்பனைக்குத் தடை இருக்கும். நிர்ணயித்த விலைக்கு மேல் விற்றால் அது கள்ளச்சந்தை; அதற்கு எங்கள் ஆலோசனை எதுவும் இல்லை. நிகழ்ச்சி நடத்துவோரின் செயலியிலேயே மறுவிற்பனை வசதி இருந்தால் அதையே முதலில் நாடுங்கள். 2024 செப்டம்பரில் சொமாட்டோ அறிவித்த அத்தகைய வசதியில், விற்பவரின் பழைய டிக்கெட் ரத்தாகி வாங்கியவர் பெயரில் புதியது உருவாகிறது. பணம் வராமல் டிக்கெட் கைமாறுவதற்கு அங்கே வழியில்லை.

அல்சூர் குடும்பத்திற்கு வெள்ளி மாலையில் என்ன செய்யலாம்? இன்னொரு ஏலத்திற்கு இனி நேரமில்லை. ஒரே விலை, குறைந்த விலை, தெரிந்தவர்களின் வட்டம், நேரில் கைமாற்று. இரண்டும் சேர்த்து 7,000 என்று அலுவலக நண்பர்களிடம் சொன்னால், வேலூர் பேருந்து ஏறுவதற்குள் யாரேனும் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்.