இளமையில் தோன்றும் சித்தப்பிரமை

நன்றாகப் படித்து வந்த பிள்ளை 15, 16 வயதில் படிப்பில் பின்தங்குகிறான். நண்பர்களை விட்டு விலகித் தனித்திருக்கிறான். இரவில் உறங்குவதில்லை, குளிப்பதில் கவனமில்லை. அருகில் எவரும் இல்லாதபோதும் யாரோ பேசுவது காதில் விழுகிறது என்கிறான். உணவில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயுற்று உண்ண மறுக்கிறான். இத்தகைய பிள்ளையைக் கண்டு ஊரார் சிலர் 'காற்றுக் கருப்பு' என்பர். சிலர் சோம்பல் என்று கண்டிப்பர். பெண்ணாயின் விரைவில் மணம் முடித்தால் சரியாகிவிடும் என்போரும் உண்டு. இவ்வாறு மாதங்கள் பல கழிகின்றன. அந்த மாதங்களை வீணாக்கலாகாது என்பதே இத்துறை ஆராய்ச்சிகள் நமக்குக் கூறும் முக்கியமான செய்தி. அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயின் தன்மை

மருத்துவர்கள் 'சைக்கோசிஸ்' என்று வழங்கும் நிலையை நாம் சித்தப்பிரமை எனலாம். இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற ஐயங்களை அசையாமல் நம்புவது, பேச்சும் சிந்தனையும் தொடர்பற்றுப் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். இதன் கடுமையான வகையே மனச்சிதைவு நோய். அது பெரும்பாலும் வாலிபப் பருவத்தில் தொடங்கும். 18 வயதுக்கு முன் தொடங்குவது குறைவு. 13 வயதுக்கு முன் தொடங்குவது மிகமிக அரிது. ஆயினும், வளரும் பருவத்தில் தாக்குவதால் கல்வி, நட்பு, தொழில் பழகுதல் யாவும் ஒருங்கே தடைப்படுகின்றன.

அமெரிக்க நாட்டின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில், டாக்டர் ஜூடித் ராபபோர்ட் அம்மையாரின் தலைமையில் 1990-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 13 வயதுக்கு முன் மனச்சிதைவு கண்ட பிள்ளைகளின் மூளையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஒப்பிட்டார்கள். பருத்தி பயிரிடும் உழவர் நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்து இடைவெளி விடுகிறார் அல்லவா? வளரிளம் பருவத்தில் மூளையும் மிகையான நரம்பு இணைப்புகளை அவ்வாறே குறைத்துக்கொள்கிறது. நோயுற்ற பிள்ளைகளின் மூளையிலோ, மேற்பரப்பிலுள்ள சாம்பல் நிறப் பகுதி மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகக் குறைந்து வந்தது என்று 2001-இல் வெளியான முடிவு தெரிவித்தது. இயற்கையான கலைப்பு அளவு மீறிப் போவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

ஆகவே இது பேயும் அன்று. பெற்றோர் வளர்ப்பின் குற்றமும் அன்று. மரபின் பங்கு இதில் பெரிது. ஆயினும் நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளுள்ளும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. இளவயதில் கஞ்சா பழகுவது இந்நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே ஆராய்ச்சி மற்றோர் எச்சரிக்கையும் தந்தது. மனச்சிதைவு என்று ஐயுற்று அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உண்மையில் அந்நோய் இல்லை. வேறு காரணங்களே இருந்தன. மூளைக் காய்ச்சல், வலிப்பு, போதைப் பொருள் ஆகியவையும் இத்தகைய குறிகளைத் தோற்றுவிக்கக் கூடும். எனவே நோயின் பெயரை ஊரார் சூட்டுதல் தகாது. பிள்ளையை மருத்துவரிடம் சேர்ப்பதே நம் வேலை. முடிவு கூறுவது அவர் வேலை.

ரோகலாந்து தந்த பாடம்

நார்வே நாட்டின் தென்மேற்கில் உள்ள ரோகலாந்து மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில், இந்நோயாளிகளில் பாதிப்பேர் 26 வாரங்களுக்கு மேல் சிகிச்சையின்றி இருந்தனர். 1997 முதல் அங்கே பெரும் பிரசாரம் நடைபெற்றது. பத்திரிகை, வானொலி, திரைப்படக் கொட்டகை ஆகியவற்றின் மூலம் நோயின் குறிகளை மக்களுக்கு உணர்த்தினர். பள்ளி ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்தனர். தொலைபேசியில் அழைத்தால் விரைந்து வந்து பார்க்கத் தனிக் குழுவை அமைத்தனர். 15 வயது முதல் பெரியோர் வரை அனைவருக்குமான இம்முயற்சியால், 26 வாரம் 5 வாரமாகக் குறைந்தது. பிரசாரத்தை நிறுத்தியதும் அது மீண்டும் 15 வாரமாக உயர்ந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கெடுத்தனர். இம்முயற்சி நடந்த பகுதியில் 100-க்கு ஏறத்தாழ 31 பேர் நலமடைந்து இயல்பான வாழ்வு நடத்தினர். இம்முயற்சி நடைபெறாத பகுதிகளில் 15 பேரே அவ்வாறு இருந்தனர். இதற்குப் புதிய மருந்து எதுவும் காரணமன்று. மக்கள் முன்னதாக அறிந்துகொண்டதே காரணம்.

நமது நிலை

நமது மாநிலத்திலும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் மான்ட்ரீல் நகர ஆய்வாளருடன் இணைந்து, நோய் புதிதாகக் கண்ட இளைஞரை இரு நகரங்களிலும் ஒப்பிட்டது. சென்னையில் குடும்பத்தினர் நோயாளியின் உடன் நின்றதையும், சிகிச்சையை இடையில் கைவிட்டோர் குறைவாக இருந்ததையும் அவ்வாராய்ச்சி காட்டியது. குடும்பமே நமது பெரும் பலம்.

அப்பலம் தவறான வழியில் சென்றால் விளைவது என்ன என்பதையும் கண்டோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது. தெய்வ வழிபாட்டை எவரும் தடுக்கவில்லை. மருத்துவமும் அதனுடன் நடைபெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பஞ்சாயத்தின் கடமை

உறக்கம், பேச்சு, படிப்பு, பழக்கம் ஆகியவற்றில் ஒரு பிள்ளையிடம் பெரிய மாறுதல் தோன்றி இரண்டு மூன்று வாரங்கள் நீடித்தால், பெற்றோரிடம் தனிமையில் பரிவுடன் பேசுங்கள். குரல்கள் கேட்பதாகக் கூறினாலோ, உண்ண மறுத்தாலோ, தற்கொலை பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் காத்திருக்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடச் செய்யுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதி வைப்பது பயனுடையது.

மருந்து தொடங்கிய பின் சற்றுக் குணம் கண்டவுடன் நிறுத்துதல் தவறு. சிறு பிள்ளைகளுக்கு மருந்தினால் உறக்கமும் உடற்பருமனும் மிகலாம். அவற்றை மருத்துவரிடம் கூறி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். குணமடைந்து வரும் பிள்ளையைப் பள்ளி மீண்டும் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதும் பஞ்சாயத்தின் கடமையே.

ரோகலாந்தில் பிரசாரம் நின்றதும் தாமதம் திரும்பியது என்பதை நினைவிற் கொள்வோம். ஒரு கூட்டத்தில் ஒரு முறை பேசி விட்டுவிடுவது போதாது. ஆண்டுதோறும் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து வந்தால், நம் ஊர்ப் பிள்ளை எவரும் மருத்துவமின்றி மாதக் கணக்கில் தவிக்கும் நிலை வாராது.