மின்னலும் குழல் விளக்கும்

மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் மலையில் ஒருநாள் மாலை மழைக்கு ஒதுங்கி நின்றேன். மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மின்னல் பாய்ந்தது. அந்த ஒளியில், ஓடைக்கரையில் உடைந்து கிடந்த குழல் விளக்கொன்றைக் கண்டேன்.

இரண்டும் ஓரினமே. மின்சாரம் வாயுவைப் பிளாஸ்மாவாக்க, ஒளி பிறக்கிறது. ஆனால் மின்னலுக்குப் பாதரசம் வேண்டியதில்லை, குழலுக்கு வேண்டியிருந்தது. பாதரச ஆவி உமிழும் புற ஊதாக் கதிரை உட்பூச்சு வெண்ணொளியாக்குகிறது. குழல் உடைந்தால் நஞ்சு வெளியேறும். இம்மலை நீரோ மகாவலியைச் சேர்வது!

பாதரசமின்றி இயலாதா? செனன் வாயுவைக் கொண்டு இயலுமென அறிஞர் காட்டினர். பாதரசக் கதிரின் அலைநீளம் 254 நனோமீற்றர், செனனுக்கு 172. அலைநீளம் குறையக் குறைய, அதைக் கட்புல ஒளியாக்குகையில் வெப்பமாய் வீணாவது மிகும். ஆகவே தூய்மை கிட்டியது, சிக்கனம் கிட்டவில்லை. இரண்டையும் ஒருங்கே தந்தது எல்.ஈ.டி. விளக்கே.

மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், இலங்கை உட்பட, குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வாணிபத்தையும் 2027ஆம் ஆண்டோடு நிறுத்த 2023இல் இசைந்தன. ஆயினும் பழைய குழல்கள் வீடுதோறும் உள. அவற்றை உடையாமல் ஒப்படைப்பது நம் கடன்.

அன்று கண்ணாடிச் சில்லுகளை அட்டையால் வாரிப் போத்தலில் அடைத்தேன். சில்லுகள் அகப்பட்டன, பாதரசம் அகப்படவில்லை.