98 போட்டா கார் பறக்குமா?



இந்த வார எபிசோடில் காருக்குள் ஓடும் மென்பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெட்ரோல் பற்றி ஒரு கேள்வியை ரெண்டே வரியில் தாண்டிவிட்டோம். மெல்பர்ன் நேயர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ கார் வாங்கியிருக்கிறார். "98தான் போடணுமா? யூடியூபில் ஒருத்தர் 91 பிரீமியம் போதும்னு சொல்றாரே" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பொறி இருக்கு. அதனால் இந்த மடலில் கொஞ்சம் விரிவாக.

முதலில் காசு. சர்வோவில் 91க்கும் 98க்கும் லிட்டருக்கு 25 சென்ட் வித்தியாசம்னு வெச்சுக்குவோம். வாரம் ஒரு தடவை 50 லிட்டர் போட்டால் 12.50 டாலர் கூடுதல். வருஷத்துக்கு 650 டாலர். 91 போதும் என்கிற காருக்கு இது சுத்த வீண். 98 கட்டாயம் என்கிற காரில் இதை மிச்சம் பிடிக்கப் போனால், இன்ஜின் பில் வரும்போது அந்த 650 எந்த மூலைக்கும் காணாது.

அந்த நம்பர் எதைச் சொல்லுது?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலுக்குப் போட்ட மார்க் இல்லை. அது சக்தியின் அளவும் இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அது.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். சில சமயம் தீ வந்து சேர்வதற்கு முன்பே, மிச்சமிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானாக வெடித்துவிடும். டப்பாவில் சில்லறை குலுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும். இதுதான் நாக்கிங். கொஞ்ச நேரம் லேசாக வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நல்ல லோடில் தொடர்ந்து அடித்தால் பிஸ்டனையே உடைக்கும்.

இதை அளக்க 1920களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு அளவுகோலை உருவாக்கினார். சுலபத்தில் நாக் ஆகாத ஐசோ-ஆக்டேனுக்கு 100, உடனே நாக் ஆகும் ஹெப்டேனுக்கு 0. பங்கில் 98 என்று போட்டிருந்தால், 98 பங்கு ஐசோ-ஆக்டேனும் 2 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்குகிற அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று அர்த்தம். அவ்ளோதான்.

ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்பதற்கு நேர் எதிரான சாட்சி எத்தனால். அதன் ஆக்டேன் எண் 100க்கும் மேலே. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால்தான் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10, பெரும்பாலும் 94 ஆக்டேன் என்று விற்கப்பட்டாலும், லிட்டருக்கு சாதா 91ஐ விடச் சுமார் 3 சதவீதம் குறைந்த தூரமே போகும்.

ஒரே 91, ரெண்டு அர்த்தம்

இப்போது அந்த யூடியூப் ஆசாமி. அவர் பொய் சொல்லவில்லை, அமெரிக்காவில் இருக்கிறார். அதுதான் விஷயம்.

ஆஸ்திரேலிய சர்வோவில் பார்ப்பது ஆர்.ஓ.என். என்ற அளவு. சோதனை இன்ஜினை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி எடுப்பது. 900 ஆர்பிஎம்மில், கலவையைச் சூடேற்றி, இன்னும் கடுமையாகச் சோதிக்கும் எம்.ஓ.என். என்ற அளவும் உண்டு. அதில் அதே பெட்ரோலுக்குக் குறைந்த எண் வரும். அமெரிக்க பங்குகளில் இந்த இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். தோராயமான கணக்கு இது:

அமெரிக்க 87 = நம்ம 91
அமெரிக்க 91 = நம்ம 95
அமெரிக்க 93 = நம்ம 98

ஆக, அவர் சொன்ன "91 பிரீமியம்" இங்கே 95. அதைக் கேட்டுவிட்டு இங்கே 91 போட்டால், இருப்பதிலேயே தாழ்ந்த கிரேடைப் போட்டிருப்பீர்கள். யூனிட் எழுதாத நம்பரை நம்பினால் என்ன ஆகும் என்று நம்ம துறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1999இல் நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தையே அப்படித்தான் தொலைத்தது.

ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அங்கே பிரீமியம் என்று விற்பது பொதுவாக 100 ஆர்.ஓ.என். அதை நம்பி டியூன் செய்த காருக்கு இங்கே 98க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

இசியூ பார்த்துக்காதா?

பார்த்துக்கும், ஓரளவுக்கு. இன்ஜின் பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கிங் தெரிந்ததும் இசியூ ஸ்பார்க் நேரத்தைச் சட்டென்று தள்ளிப்போடும். பிறகு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். டிசிபி கன்ஜெஷன் கன்ட்ரோல் படித்தவர்களுக்கு இது பழகிய கதை: பாக்கெட் விழுந்தால் வேகத்தை ஒரே வெட்டாக வெட்டு, அப்புறம் படிப்படியாக ஏற்று.

இதிலிருந்து ரெண்டு விஷயம் புரியும். ஒன்று, குறைந்த ஆக்டேன் போட்டால் இன்ஜின் உடனே உடையாது. பவர் குறையும், பெட்ரோல் கூடக் குடிக்கும். ஆனால் சென்சார் நாக்கிங்கைக் கேட்ட பிறகுதான் திருத்தும். அதை முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு, அதிக ஆக்டேனால் லாபம் வர, இசியூவில் அதைப் பயன்படுத்தும் புரோகிராம் இருக்கணும். 91க்கு மட்டும் டியூன் செய்த காரில் 98 ஊற்றுவது, 100 எம்பிபிஎஸ் ரவுட்டருக்கு ஜிகாபிட் பிளான் வாங்குவது போல.

ஸ்போர்ட்டியா இருந்தா 98தானா?

இல்லை. சுபாரு பிஆர்இசட், டொயோட்டா ஜிஆர்86 ரெண்டும் இங்கே 98 கேட்கும். டர்போ இருந்தும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 95 கேட்கும். கம்ப்ரெஷன் விகிதத்தை வைத்தும் ஊகிக்க முடியாது. மாஸ்டா 3இன் 2 லிட்டர் இன்ஜினுக்கு 13:1. ஆனால் அதற்கு 91 போதும். அதே 2 லிட்டர், அதே 13:1 உள்ள எம்எக்ஸ்-5க்கு 95 வேணும். டியூனிங் வேறு, தேவையும் வேறு. அதனால் காரின் முகத்தைப் பார்க்காதீங்க, பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்க.

சிட்னியிலும் மெல்பர்னிலும்

நியூ சவுத் வேல்ஸில் 2007 சட்டம் எத்தனால் விற்பனையைக் கட்டாயமாக்கியதால், பல சர்வோக்களில் சாதா 91 இருந்த இடத்தில் ஈ10தான் இருக்கும். "94தானே, 95க்குப் பக்கம்தானே" என்று 95 கேட்கும் காரில் போடாதீங்க. ஒன்று, நம்பர் குறைவு. ரெண்டு, எத்தனாலைக் காரின் உற்பத்தியாளர் அனுமதித்திருக்கணும். விக்டோரியாவில் 91 தாராளமாகக் கிடைக்கும். அங்கே சபலம் விலை ரூபத்தில் வரும்.

"98 சுத்தமான பெட்ரோல்" என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 91இல் சல்ஃபர் 150 பிபிஎம் வரை இருக்கலாம், பிரீமியத்தில் 50தான் என்பது விதி. 2025 டிசம்பர் 15 முதல் எல்லா கிரேடுக்கும் 10 என்று விதி மாறியது. அதோடு அந்த வாதமும் பலம் இழந்துவிட்டது.

நடைமுறைக்கு

மூடியிலோ மேனுவலிலோ "குறைந்தபட்சம்" என்று இருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது. "பரிந்துரை" என்று இருந்தால், அதற்குக் கீழே எவ்வளவு போகலாம் என்பதையும் மேனுவலில் தேடுங்க. செகண்ட் ஹேண்ட் காரில் இன்னொரு கேள்வி: முந்தைய ஓனர் இசியூவை ரீ-டியூன் செய்தாரா? செய்திருந்தால் மூடியில் இருப்பது செல்லாது. டியூன் செய்தவர் சொன்னதுதான் கணக்கு.

தவறுதலாக 91 போட்டுவிட்டால் பதற வேண்டாம். டேங்கைக் காலி செய்யவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தாமல், மேட்டில் டாப் கியரில் இழுக்காமல் பொறுமையாக ஓட்டி, இடம் கிடைத்ததும் 98ஐ நிரப்புங்க. 10 லிட்டர் 91 மேல் 40 லிட்டர் 98 ஊற்றினால், சராசரிக் கணக்கில் 96.6 வரும். ஆனால் சில்லறைச் சத்தம் தொடர்ந்து கேட்டாலோ, இன்ஜின் விளக்கு எரிந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.

98 கட்டாயம் என்றால், மிச்சம் பிடிக்கும் இடம் கிரேடு இல்லை, சர்வோ. நியூ சவுத் வேல்ஸின் ஃப்யூயல்செக் ஆப்பில் கிரேடைத் தேர்ந்தெடுத்து 98 விலையையே ஒப்பிட்டுப் பாருங்க. 91 மலிவாக இருக்கும் இடத்தில் 98ம் மலிவாக இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

மெல்பர்ன் நண்பருக்கு: உங்க மூடியில் 95 என்று இருந்தால் 95 போடுங்க, 98 என்று இருந்தால் 98. அமெரிக்கக்காரர் நல்லா இருக்கட்டும், அவர் நம்பர் அவரோடு இருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.