செவிலியரும் ஆராய்ச்சிப் பட்டமும்

நம் அகப்பொருள் நூல்களில் வரும் செவிலித்தாயை அறியாத தமிழ் மாணவர் இலர். தலைவியின் மேனி வேறுபட்டதையும் வளை நெகிழ்ந்ததையும் அவள் காண்கின்றாள். கண்டது மெய்யே. ஆயினும் காரணத்தை ஆராயாது, முருகன் அணங்கினான் எனக் கொண்டு, வேலனை அழைத்து வெறியாடச் செய்கின்றாள். நோயின் காரணமோ வேறு. அதனை அறிந்த தோழி அருகிலேயே நிற்கின்றாள். குறியைச் சரியாகக் கண்டவரும் காரணத்தைப் பிறழக் கொள்ளக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இக்காலத்துச் செவிலியர்க்கு ஏற்பட்டுள்ள ஆராய்ச்சிப் பட்டப் படிப்பு இப்பிழையினின்று காக்கும் பயிற்சி என்பதே எம் கருத்து. அதனைச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டியவர்க்கு ஆராய்ச்சி எதற்கு, அது மருத்துவர் தொழிலன்றோ என வினவுவார் உளர். மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடமே. இரவு முழுதும் உடனிருந்து, அவர் உண்டதும் உறங்கியதும் அஞ்சியதும் அறிபவர் செவிலியர். ஆதலின் சில கேள்விகள் அவர்க்கே தோன்றும். புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரிற் காயமுற்றோர்க்குப் பணிசெய்யச் சென்றார். விளக்கேந்திய மாதரசியாக அவரை உலகம் போற்றுகின்றது. ஆயினும் ஊர் திரும்பிய பின்னர் அவர் செய்த பணியும் அத்துணைப் பெரிது. படைவீரருள் காயத்தால் மாண்டவரினும் தடுக்கத்தக்க நோயால் மாண்டவரே மிகப் பலர் என்பதனைக் கணக்கெடுத்து, 1858-ஆம் ஆண்டில் வண்ணப் படமாக வரைந்து காட்டினார். இரக்கம் ஒரு கட்டிலைக் காத்தது. கணக்கோ பல பாசறைகளைத் திருத்தியது.

நம் நாட்டில் இக்கல்வி மெல்லவே வளர்ந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1946-ஆம் ஆண்டில் அங்கும் டில்லியிலும் செவிலியர்க்குப் பட்டப் படிப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேர்க்கு ஒரு செவிலியே இருந்த நிலையை எடுத்துரைத்தது. டில்லிக் கல்லூரி 1959-ஆம் ஆண்டில் முதுகலைப் படிப்பைத் தொடங்கிற்று. இன்று, 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முதலியன செவிலியர்க்கு முனைவர் பட்டமும் வழங்குகின்றன.

இனிச் செல்லும் வழியைக் கூறுவோம். பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பு 4 ஆண்டு. அதன்பின் ஓராண்டேனும் பணியாற்றியே எம்.எஸ்ஸி. படிப்பிற் சேர்தல் வேண்டும். அது 2 ஆண்டு. இவ்விடைப்பட்ட ஓராண்டு விதி மிக நன்று. கட்டிலருகே நில்லாதவர்க்குக் கேள்வி பிறவாதன்றோ? பின்னர் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்து, பாடப்பயிற்சி முடித்து, நெறியாளர் துணையுடன் ஆய்வுத் திட்டம் எழுதி, அறநெறிக் குழுவின் இசைவு பெற்று, ஆய்ந்து, ஆய்வேடு அளித்து, வாய்மொழித் தேர்வில் விடை கூறல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இதற்குக் குறைந்தது 3 ஆண்டும், பொதுவாக மிகுந்தது 6 ஆண்டும் வகுத்துள்ளன. பெண்டிர்க்கு மேலும் கால நீட்டிப்பும், மகப்பேறு குழந்தை வளர்ப்பு ஆகியவற்றிற்கென 240 நாள் வரை விடுப்பும் அவ்விதிகளில் உண்டு. மணமாகிக் குடும்பம் தாங்கும் செவிலியர் பலர்க்கு இஃது ஊன்றுகோல் போல்வது.

நிற்க. இவ்வாராய்ச்சி எத்தகையது என்பதை நம் நெய்வேலியை வைத்தே காண்போம். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1961-ஆம் ஆண்டில் கரி வெளிப்பட்டது முதல் இவ்வூர் சுரங்கத்தால் வாழ்வது. இது திறந்தவெளிச் சுரங்கம். தொழிலாளர்க்கு மேற்கூரை வானமே. சித்திரை வெயிலில் தலைவலியும் மயக்கமும் உற்று வரும் ஒருவரைச் செவிலி ஒருத்தி காண்கின்றாள் என்க. வெயில் என்று கூறி மருந்தளித்து அனுப்பிவிடலாம். அது வேலனை அழைத்தது போலாகும். அவள் ஆராயப் புகுவாளாயின், பணிக்கு முன்னும் பின்னும் அவர் எடையை நிறுப்பாள்; இடையில் உண்டதும் கழித்ததும் கணக்கிட்ட பின்னர் ஒரு கிலோ குறைந்திருப்பின், ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வியர்வையாய்ச் சென்று ஈடுசெய்யப்படவில்லை என அறிவாள். ஏன் பருகவில்லை? தண்ணீர் தொலைவில் உள்ளதா? கழிப்பிடம் இன்மையால் பருக அஞ்சினாரா? ஒரு முறைப்பணியாளர்க்கு அருகே நீரும் நிழலும் ஓய்வும் அளித்து, மற்றொரு முறையினரோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேறுபாடு தோன்றும்? இங்ஙனம் தொடர்வதே ஆராய்ச்சி.

ஈண்டு ஓர் இடர் உண்டு. நாட்கூலிக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், தம் மயக்கத்தை ஏட்டில் எழுதினால் வேலை போய்விடுமோ என அஞ்சுதல் இயல்பு. மேலதிகாரி வழியே அழைக்கப்படின், மறுக்கவும் அஞ்சுவார். உண்மை கூறவும் அஞ்சுவார். அத்தகைய விடைகளால் கட்டிய ஆய்வேடு மணல்மேற் கட்டிய வீடேயாம். ஆதலின் ஆய்வோர், விருப்பமிலார் விலகலாம் என்றும், பெயர் வெளிவராது என்றும், அவர் பேசும் தமிழிலேயே எடுத்துரைத்து, அச்சொல்லைக் காத்தலும் வேண்டும். முடிவு தெரிந்தபின் அவரிடமே மீண்டு சென்று அதனைக் கூறுதலும் கடன். அறநெறிக் குழுவின் இசைவு என்பது வெறுந் தாளன்று. எளியவர் அச்சத்திற்கு இட்ட வேலியாம்.

பட்டம் பெற்றோர் பலர் ஆசிரியப் பணிக்குச் செல்கின்றனர். அதனை யாம் குறைகூறோம். ஆசிரியர் இன்றேல் அடுத்த தலைமுறைச் செவிலியர் ஏது? எனினும், கட்டிலருகே பிறந்த கேள்வி நூலகத்தின் அலமாரியிலேயே உறங்கிவிடின், பல்லாண்டு உழைப்பும், குடும்பம் பொறுத்த துன்பமும், தொழிலாளர் நம்பிச் சொன்ன சொல்லும் வீணாகும். விடை மீண்டும் கட்டிலருகே வந்து சேர்தல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் மாணவியருள் இவ்வழி செல்ல எண்ணுவோர் இருப்பின், அவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. காரணம் அறிந்தவர் பெரும்பாலும் அருகிலேயே நிற்கின்றார். அவர் அஞ்சாது வாய்திறக்குமாறு கேட்கக் கற்பதே இப்பட்டத்தின் பயன் எனத் தெளிக.