பலர் எழுதும் நிரலும் ஒரே ஒழுங்கும்

ஒரு வகுப்பின் விடைத்தாள்களைப் பல ஆசிரியர்கள் திருத்துங்கால், மதிப்பெண் இடும் முறை ஒன்றாயிராவிடில் விளையும் குழப்பத்தை யாவரும் அறிவர். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் குழுவின் நிலையும் அஃதே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துத் திருத்த வேண்டியிருத்தலால், எழுதும் முறை ஒன்றாயிருத்தல் அவசியமாகின்றது.

2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்ட நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாகும். இணைப்பின் மறுமுனையிலுள்ள கணிப்பொறி உண்மையானதுதானா என்று அதன் மின் கையொப்பத்தைக் கொண்டு சோதிக்கும் பகுதியொன்று ஆப்பிள் நிறுவனத்தின் நிரலில் இருந்தது. பிழை நேர்ந்தால் இறுதிப் பகுதிக்குத் தாவுமாறு பணிக்கும் வரி, அதில் ஓரிடத்தில் தவறுதலாக இருமுறை எழுதப்பட்டுவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதோ எந்நிலையிலும் இயங்குவது. ஆகவே, கையொப்பம் சோதிக்கப்படாமலேயே 'பிழையில்லை' என்னும் விடை கிடைத்தது. இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவைபோல் கண்ணை மயக்கின.

இத்தகைய பிழைகளைச் சுட்டிக் காட்டுவனவே நிரல் ஆய்வுக் கருவிகள். இவை நிரலை இயக்குவதில்லை. அதனைச் சொற்களாகப் பிரித்து, இலக்கண அமைப்பை வகுத்து, விதிகளோடு ஒப்பிட்டு நோக்குகின்றன. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பார் சி மொழிக்கென ஆக்கிய 'லின்ட்' இவ்வகையில் முன்னோடியாகும். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல் அது. மயக்கந்தரும் உள்தள்ளலை எச்சரிக்கும் வசதி, 2016-இல் வெளிவந்த ஜி.சி.சி. 6 என்னும் தொகுப்பியில் சேர்க்கப்பட்டது.

கருவியைக் கையாளும் முறை எளிது. குழுவினர் கூடி விதிகளை முடிவு செய்து, ஒரு கோப்பில் எழுதி, நிரலுடனேயே வைத்தல் வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் பொது நிரலில் சேருமுன் கருவியின் சோதனைக்கு உட்படுதல் வேண்டும். பழைய நிரலில் எல்லா விதிகளையும் ஒருங்கே புகுத்தினால் எச்சரிக்கைகள் மலைபோல் குவியும்; எவரும் அவற்றைப் படியார். ஆகவே, உண்மைப் பிழைகளைக் காட்டும் சில விதிகளைக் கொண்டு தொடங்கிப் படிப்படியாகப் பெருக்குதலே நன்று.

எனினும், நிரலின் நோக்கம் சரியானதா என்பதைக் கருவி அறியாது. சிற்சில வேளைகளில் பிழையற்ற வரியையும் அது ஐயுறும். ஒழுங்கைக் காக்கும் பணியைக் கருவி ஏற்றுக்கொண்டால், கருத்தை ஆராய மனிதருக்கு நேரம் கிடைக்கின்றது. நிரல் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதற் பாடத்திலிருந்தே மாணவரை இதற்குப் பழக்குவது பயன் தரும்.