பற்றரியை மாற்றுமுன் பெல்ட்டைப் பாருங்கள்
பழைய பிக்கப்பில் சார்ஜ் பழுதைக் கண்டறிவது எப்படி?

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஒரு பழைய பிக்கப் எவ்வளவு பெரிய முதல் என்பதை விளக்கத் தேவையில்லை. 1985இல் திறக்கப்பட்ட விக்ரோறியா அணையின் நீரில் பழைய தெல்தெனியா மூழ்கியபோது இடம்மாறியவர்களும், வேறு காரணங்களால் பின்னர் குண்டசாலைப் பக்கம் வந்து குடியேறியவர்களும் இதை அறிவர். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வண்டி விடியுமுன் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பறித்துக் கட்டிய போஞ்சியும் கத்தரியும் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேரமாட்டா.

வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே பற்றரியைக் குறை சொல்கிறோம். நாமும் ஒருமுறை கடன்பட்டுப் புதுப் பற்றரி வாங்கினோம். இரண்டு வாரத்தில் அதுவும் இறங்கியது. பழுது தளர்ந்த பெல்ட்டில்தான் இருந்தது.

இதை விவசாயி எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பற்றரி ஒரு குளம். அல்டனேற்றர் அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால். றெகுலேற்றர் அளவு பார்க்கும் துருசு. வாய்க்கால் அடைபட்டிருக்கையில் புதுக் குளம் வெட்டிப் பயனில்லை.

முதலில் கண்ணால் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழ்ந்தால் போதும். வெடிப்போ மினுமினுப்போ இருந்தால் மாற்றுங்கள். பற்றரி முனைகளில் வெண்பச்சைப் பூப்பு இருந்தால், அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். அந்த நீர் பற்றரிக்குள் போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். இயந்திரத்திலும் சட்டத்திலும் பூட்டிய ஏர்த் வயரையும் பாருங்கள்.

அடுத்து டாஷ்போர்ட்டின் சார்ஜ் விளக்கு. சாவி திருப்பியதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. சாவி திருப்பியும் எரியாவிட்டால் பல்ப்பைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்தப் பல்ப் வழியாகவே அல்டனேற்றருக்கு ஆரம்ப மின்சாரம் போகிறது. பல்ப் போனால் சார்ஜும் நின்றுவிடலாம்.

பிறகு மல்ரிமீற்றர். ஊரில் ஒருவரிடம் இருந்தால் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பற்றரியில் 12.6 வோல்ற்று இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டு மீண்டும் அளவுங்கள்.

13.8 முதல் 14.5 வரை: சார்ஜ் சரி.
13க்குக் கீழ்: சார்ஜ் ஏறவில்லை. பெல்ட், வயர், பியூஸ் ஆகியன சரியென்றால் அல்டனேற்றரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். முழு அல்டனேற்றரையும் மாற்றுமுன், கார்பன் மட்டும் மாற்ற முடியுமா என்று மின்வேலை செய்பவரிடம் கேளுங்கள்.
15க்கு மேல்: றெகுலேற்றர் பழுது. பற்றரி நீர் கொதித்து வற்றும்.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் பற்றரி இறங்கியிருந்தால், அதற்கும் ஒரு சோதனை உண்டு. நன்றாகச் சார்ஜ் ஏற்றி, இரவில் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். காலையில் பூட்டியதும் ஸ்டார்ட் ஆனால் எங்கோ மின்சாரம் கசிகிறது. அப்போதும் ஆகாவிட்டால்தான் பற்றரி பழுது.

சார்ஜ் நின்றாலும் பழைய டீசல் இயந்திரம் நெடுநேரம் ஓடும். ஆகவே சாரதிக்குத் தெரியாது. இருட்டில் விளக்கு மங்கும்போதுதான் தெரியும். பழைய ஜப்பானிய டீசல் பிக்கப்கள் பலவற்றில் பிறேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் அல்டனேற்றரின் பின்புறத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் பிறேக் கல்லாகிவிடும். மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் சுமையோடு இறங்குபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பம்பிலிருந்து எண்ணெய் கசிந்தால் அல்டனேற்றரும் கெடும்.

இரண்டு எச்சரிக்கைகள்: இயந்திரம் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றிச் சோதிக்காதீர்கள், அல்டனேற்றர் கருகிவிடும். சார்ஜ் ஏறும் பற்றரியருகே பீடியோ தீக்குச்சியோ வேண்டாம். அதிலிருந்து எழும் வாயு வெடிக்கும்.

வாரம் ஒருமுறை, சுமை ஏற்றுவதற்கு முந்திய மாலையில், பெல்ட்டையும் முனைகளையும் சார்ஜ் விளக்கையும் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த போகத்து விதைக்கு வைத்த பணம் பற்றரிக் கடைக்குப் போகாமலிருக்க அது உதவும்.